டாக்டர் ஜானகி அம்மாள்

எம் சிந்தாதிரிப்பேட்டையை வளைத்தோடும் கூவம், மேற்கே மதுரவாயலைக் கடந்தே இங்கு வருகின்றது. அம்மதுரவாயலில் சென்னைப் பல்கலைக்கழகத்துத் தாவரநூல் துறையினர்க்கு ஓர் ஆராய்ச்சிக் களம் இருந்தது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தியாவிலும் செடிகொடிகளின் உள்ளணுக்களை ஆராய்ந்து புகழெய்திய டாக்டர் ஜானகி அம்மாள், 1984 பிப்ரவரி 7-ஆம் நாள், தம் எண்பத்தாறாம் வயதில் உயிர்நீத்தது அவ்விடத்தேதான். சென்னை மாணவருள் அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலரே.

தலைச்சேரியில் 1897-இல் பிறந்த அம்மையார், இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, 1921-இல் தாவரநூலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றனர். பின்னர், நம் கல்லூரியைப் போன்றே மிஷனரிமார் நிறுவிய பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராய் அமர்ந்தனர். கீழ்நாட்டுப் பெண்டிர்க்கென ஏற்பட்ட பார்பர் உபகாரச் சம்பளம் அவரை அமெரிக்காவிலுள்ள மிஷிகன் பல்கலைக்கழகத்திற்குச் செலுத்திற்று. அங்கே 1925-இல் எம்.எஸ். பட்டமும், மீண்டும் சென்று 1931-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றனர்.

தாய்நாடு திரும்பியபின் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணி கிடைத்தது. இனிப்பு மிக்க கரும்பு நோய்க்கு எளிதில் இரையாகும். ஆற்றங்கரை நாணலோ சாறற்றதாயினும் வன்மையுடையது. இவ்விரண்டையும் கலந்து நற்கரும்பு ஆக்கும் வேலை அந்நிலையத்தில் முன்னரே நடந்துவந்தது. அக்கலப்பினுள் குரோமோசோம்கள் எவ்வாறு சேர்கின்றன என்பதை ஆராய்ந்து காட்டியவர் அம்மையார். கரும்போடு மக்காச்சோளத்தையும் கலந்து பார்த்தனர். ஆயினும் பெண் என்பதாலும், தாழ்வாக எண்ணப்பட்ட குலத்தவர் என்பதாலும் இந்நாட்டில் அவர் எய்திய இடர்கள் பல.

1939 ஆகஸ்டில், எடின்பரோவில் கூடிய உலக மரபியல் மாநாட்டிற்குச் சென்றனர். சில நாட்களில் யுத்தம் மூண்டது. அவர் இங்கிலாந்திலேயே தங்கிவிட்டனர். கடலில் ஆபத்து இருந்தது உண்மையே. எனினும், தம் அறிவை மட்டுமே பார்த்து மதித்த இடத்தை விட்டுவர மனமில்லாமையும் ஒரு காரணம் என்றே யான் கருதுகின்றேன். லண்டனில் ஜான் இன்னிஸ் நிலையத்தில் பணிபுரிந்த நாட்களில், இரவிற் குண்டு வீழுங்கால் கட்டிலின் அடியிற் புகுந்துகொள்வர். விடிந்தபின், அலமாரிகளின்மேற் சிதறிக் கிடக்கும் கண்ணாடித் துண்டுகளைத் துடைத்தெறிந்துவிட்டு நுண்ணோக்கியின் முன் அமர்வர். இவ்வாறு உழைத்தே, டார்லிங்டன் என்பாரோடு சேர்ந்து, பல்லாயிரம் பயிர்வகைகளின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945-இல் ஒரு பெருநூல் வெளியிட்டனர். பின்பு விஸ்லி தோட்டத்தில் கால்ச்சிசின் என்னும் மருந்தை மக்னோலியாக் கன்றுகளுக்கு இட்டு, அவற்றின் குரோமோசோம்களை இரட்டிக்கச் செய்தனர். வெண்மலர் பூக்கும் மக்னோலியா வகையொன்று இன்றும் அவர் பெயரால் வழங்குகின்றது.

நேருவின் அழைப்பை ஏற்று 1951-இல் இந்தியா வந்து, தாவர அளவைத் துறையைத் திருத்தி அமைத்தனர். 1970 முதல் சென்னையே வாழிடமாயிற்று. பத்மஸ்ரீ விருது 1977-இல்தான் வந்தது; எண்பது வயதை எட்டும் ஒருவர்க்கு அஃது எதற்கு என எமக்குத் தோன்றாமலில்லை. அவரோ அதற்கெல்லாம் காத்திராமல் மதுரவாயலில் மூலிகைகளை வளர்த்து ஆராய்ந்துகொண்டிருந்தனர். கேரளத்துச் சைலண்ட் வேலிக் காட்டை அணையின் நீரில் மூழ்கடிக்கக் கருதியபோது அதனை எதிர்த்து நின்றோருள் அவரும் ஒருவர். அணைத் திட்டம் 1983-இல் கைவிடப்பட்டது. 1984 நவம்பரில் அக்காடு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றபோது, அம்மையார் மறைந்து ஒன்பது திங்கள் ஆகியிருந்தது.