வீட்டுக் கூடத்தில் பிறந்த கணினி!

குட்டீஸ்... கணினியின் மூளை, பிராசசர். விரல் நகம் அளவுள்ள அதற்குள் கோடிக்கணக்கான நுண்ணிய ஸ்விட்சுகள் இருக்கின்றன. இப்படி ஒன்றை, வீட்டுக் கூடத்தில் தகடுகளை வெட்டி, கையாலேயே செய்தார் ஓர் இளைஞர். அவர், கொன்ராட் சூசே.

ஜெர்மனியின் பெர்லின் நகரில், 1910 ஜூன் 22ல் பிறந்தார். அப்பா தபால் துறை ஊழியர். கட்டடப் பொறியியல் படித்து, 1935ல் பட்டம் பெற்றார் சூசே. பின், விமானத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். விமானத்தின் பாகங்கள் எவ்வளவு விசையைத் தாங்கும் என்று கணக்கிடுவது அவரது வேலை. ஒரே மாதிரிக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போட வேண்டியிருந்தது. அலுத்துப் போனார். இதைச் செய்ய ஓர் இயந்திரம் இருந்தால் என்ன என்று யோசித்தார்.

1936ல் வேலையை விட்டுவிட்டார். பெற்றோர் தங்கள் வீட்டுக் கூடத்தை அவருக்கு ஒதுக்கித் தந்தனர். சகோதரியும் நண்பர்களும் பணம் கொடுத்தனர்.

சூசே முதலில் காகிதத்தில் திட்டம் போட்டார். எண்களைச் சேமிக்க ஒரு பகுதி; கணக்குப் போட ஒரு பகுதி; கட்டளைகளை வரிசையாகப் படித்து, மற்ற இரண்டையும் வேலை வாங்க ஒரு பகுதி. 0 முதல் 9 வரை பத்து இலக்கங்களைப் பயன்படுத்தினால் இயந்திரம் சிக்கலாகும். எனவே, 0, 1 என்ற இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டார். 5 என்பதை 101 என்று எழுதலாம். அதாவது ஒரு 4, 2 இல்லை, ஒரு 1. தகடு ஒரு பக்கம் நகர்ந்தால் 1, நகராவிட்டால் 0. அவ்வளவுதான்!

நண்பர்கள் சிறு ரம்பத்தால் ஆயிரக்கணக்கான தகடுகளை வெட்டித் தந்தனர். கட்டளைகளை, பழைய சினிமா பிலிமில் துளைகளாகப் போட்டார். 1938ல் 'இசட்-1' தயாரானது. ஆனால், தகடுகள் அடிக்கடி சிக்கிக்கொண்டன. இயந்திரத்தை நம்ப முடியவில்லை.

சூசே சோர்ந்து விடவில்லை. திட்டம் சரிதான், தகடுதான் சரியில்லை என்று புரிந்துகொண்டார். அக்காலத் தொலைபேசி நிலையங்களில் ரிலே என்னும் மின்காந்த ஸ்விட்ச் இருந்தது. தகடுகளுக்குப் பதிலாக அதைப் பயன்படுத்தினார். 1941 மே 12ல், இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரிலேக்கள் கொண்ட 'இசட்-3' இயந்திரத்தை விஞ்ஞானிகளுக்கு இயக்கிக் காட்டினார். கட்டளைத் தொகுப்பின்படி தானாக இயங்கிய உலகின் முதல் கணினி அதுதான்!

அப்போது இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1943ல் குண்டுவீச்சில் 'இசட்-3' அழிந்தது. 'இசட்-1' இயந்திரமும், அதன் வரைபடங்களும் கூட போரில் சாம்பலாயின. அடுத்து உருவாக்கிய 'இசட்-4'ஐ மட்டும், 1945ல் பெர்லினிலிருந்து வெளியேற்றிக் காப்பாற்றினார். 1950ல் அது, சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழில்நுட்பக் கல்வி நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

சாம்பலான முதல் இயந்திரத்தை அவர் மறக்கவில்லை. 1986ல், 76 வயதில், மீண்டும் வரையத் தொடங்கினார். 1989ல் 'இசட்-1' மறுபடி உருவானது. பெர்லின் தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. 1995 டிசம்பர் 18ல் சூசே மறைந்தார்.

இன்றும், பொழுதுபோக்காக ரிலேக்களை வைத்து வீட்டிலேயே பிராசசர் செய்பவர்கள் உண்டு. அவர்களும் முதலில் எடுப்பது காகிதமும் பென்சிலும்தான். நீங்கள் செய்யும் பொருள் ஓடவில்லையா? உடனே தூக்கிப் போட்டுவிடாதீர்கள் குட்டீஸ்... தவறு திட்டத்திலா, தகட்டிலா என்று பாருங்கள்!