பயின்ற கைகள்

நுழையும்முன்

விபத்து நேர்ந்த பிறகு மருத்துவரைத் தேடுவது ஒன்று. நேர்வதற்கு முன்பே மருத்துவரையும் செவிலியரையும் பயிற்றி வைப்பது மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை இளமையிலேயே கண்டுணர்ந்த ஒருவரின் வாழ்க்கை இது.

சுரங்க நகரும் ஓர் இரவும்

கடலூர் மாவட்டத்து நெய்வேலி, மண்ணை அகழ்ந்து ஒளியை எடுக்கும் ஊர். 1956 ஆம் ஆண்டு இங்குப் பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. திறந்தவெளிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையங்களும் இங்கே இரவுபகலாக இயங்குகின்றன. பழுப்பு நிலக்கரி தானே தீப்பற்றும் இயல்புடையது; கொதிகலனிலோ நீராவி பேரழுத்தத்துடன் அடைபட்டிருக்கும். 2020 ஆம் ஆண்டு மே, சூலை மாதங்களில் நேர்ந்த கொதிகலன் விபத்துகளில் தொழிலாளர் பலர் உயிரிழந்தனர். இத்தகைய ஊரின் மருத்துவமனை, ஒரே வேளையில் பலர் தீக்காயங்களுடன் கொண்டுவரப்படும் நிலைக்கு எந்நாளும் ஆயத்தமாக இருத்தல் வேண்டும். யார் எங்கு நிற்பது, எவருக்கு முதலில் மருத்துவம் செய்வது என்பவற்றை அந்த வேளையில் கற்றுக்கொள்ள இயலாது.

இவ்வுண்மையை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று, நெய்வேலியில் சுரங்கம் தோன்றுவதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் முன்னர், அதே பழைய தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த திண்டிவனத்தில் நிகழ்ந்தது. அதன் நடுவே நின்றவர் ஐடா சோபியா ஸ்கடர்.

ஐடா, 1870 ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்காவிலிருந்து வந்து தமிழகத்தில் மருத்துவத் தொண்டு புரிந்தவர்கள். தாதுவருடப் பஞ்சத்தின் கொடுமையைக் குழந்தைப் பருவத்திலேயே கண்ட ஐடாவுக்கு, இந்நாட்டிலேயே தங்கிவிடும் எண்ணம் இல்லை. அமெரிக்காவில் கல்வி பயின்ற அவர், நோயுற்ற தாயாருக்குத் துணைபுரியவே 1890 ஆம் ஆண்டு திண்டிவனம் வந்தார்.

அங்கு ஓர் இரவில், ஒருவர் பின் ஒருவராக மூவர் வந்து கதவைத் தட்டினர். வெவ்வேறு சமூகத்தவரான அம்மூவரின் வேண்டுகோளும் ஒன்றே. மகப்பேற்றில் துன்புறும் தம் மனைவியைக் காக்க ஐடா வரவேண்டும் என்பதே அது. தமக்கு மருத்துவம் தெரியாது என்றும், மருத்துவரான தம் தந்தையை அழைத்துச் செல்லுமாறும் ஐடா வேண்டினார். ஆடவர் மருத்துவம் பார்ப்பதை அக்கால வழக்கம் ஏற்கவில்லை. மூவரும் திரும்பிச் சென்றனர். பொழுது விடிவதற்குள் அம்மூன்று பெண்களும் இறந்தனர்.

இரக்கம் அவரிடம் நிறைந்திருந்தது, பயிற்சி இல்லை. அந்த இரவே அவருடைய வாழ்வின் திசையை மாற்றியது.

ஒருவரால் ஆகாது

அமெரிக்கா திரும்பிய ஐடா, கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 ஆம் ஆண்டு பட்டம் பெற்றார். 1900 ஆம் ஆண்டு வேலூருக்கு வந்து, வீட்டின் சிறிய அறையொன்றில் மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1902 இல் நாற்பது படுக்கைகள் கொண்ட மருத்துவமனை எழுந்தது. மாட்டுவண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் ஊர்ஊராகச் சென்று, சாலையோர மரநிழலில் நோயாளிகளைக் கண்டார்.

பிளேக்கும் காலராவும் பரவிய காலங்களில் ஓர் உண்மை தெளிவாயிற்று. மருத்துவர் ஒருவர் எத்துணைத் திறமுடையவராயினும், அவருக்கு இரண்டு கைகளே உள்ளன. நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து பேணுபவர் எனும் நான்கும் சேர்ந்ததே மருத்துவம் என்று வகுத்தவர் திருவள்ளுவர். அந்த நான்காம் உறுப்பை உருவாக்கும் பணியில் ஐடா இறங்கினார். 1909 ஆம் ஆண்டு செவிலியர் பயிற்சிப் பள்ளியை நிறுவினார்.

1918 ஆம் ஆண்டு பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். மூவர் விண்ணப்பித்தாலே வியப்பு என்று மருத்துவத்துறை உயர் அலுவலர் கருதினார். வந்த விண்ணப்பங்களோ 151. முதல் அணியைச் சேர்ந்த பதினால்வர் 1922 ஆம் ஆண்டு படிப்பை நிறைவு செய்தனர். திண்டிவனத்தில் ஒரு மருத்துவப் பெண் இல்லாமல் மூவர் மாண்டனர். வேலூரிலிருந்து ஒரே ஆண்டில் பதினால்வர் புறப்பட்டனர்.

1942 இல் அப்பள்ளி பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். 1960 ஆம் ஆண்டு மே மாதம் கொடைக்கானலில், தம் 89 ஆம் அகவையில் ஐடா மறைந்தார்.

ஆயத்தமே அறம்

போபால் நச்சுவாயுப் பேரழிவு 1984 இல் நிகழ்ந்தபின், தொழிற்சாலைச் சட்டம் 1987 இல் திருத்தப்பட்டது. தீங்கு விளைக்கத்தக்க தொழிற்சாலைகள் விபத்துக்கால நடவடிக்கைத் திட்டத்தை முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும் என்று அத்திருத்தம் விதித்தது. இன்று மருத்துவமனைகள் ஒத்திகை நடத்துகின்றன. காயமுற்றோரைச் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு ஆகிய நிற அட்டைகளால் வகைப்படுத்தப் பழகுகின்றன. சிவப்பு அட்டை பெற்றவர் உடனே கவனிக்கப்பட வேண்டியவர்; பச்சை அட்டை பெற்றவர் சற்றுக் காத்திருக்கக்கூடியவர். உரக்கக் கதறுபவரைவிட, ஓசையின்றி மூச்சுத்திணறுபவருக்கே முதல் உதவி தேவைப்படலாம். பதற்றத்திற்கிடையே இதனைக் கண்டறியும் கண், பயிற்சியினால் மட்டுமே வாய்க்கும். குருதிச் சேமிப்பு, தீக்காயப் பிரிவு, பணியாளரை விரைந்து அழைக்கும் முறை ஆகியனவும் ஒத்திகையின்போதே சரிபார்க்கப்படுகின்றன.

ஒத்திகை வீண்வேலை போலத் தோன்றலாம். ஒன்றும் நேராத நாளில் ஓடியாடுவது சிலருக்கு நகைப்பாகவும் இருக்கலாம். ஆயினும் சுரங்கத்திற்கும் கொதிகலனுக்கும் நாள்தோறும் செல்பவரின் குடும்பம் நம்பியிருப்பது அந்த ஓட்டத்தையே. கதவு தட்டப்படும் இரவு எது என்பதை எவரும் அறியார். தட்டும்போது கதவைத் திறக்கும் கைகள் பயின்ற கைகளாக இருக்க வேண்டும் என்பதே ஐடா ஸ்கடரின் வாழ்வு விட்டுச்சென்ற பாடமாகும்.