கொல்லர் செய்த குட்டி ரயில்

பொம்மை ரயில் பாதை அமைத்து மகிழ்வோர் சிலர், பலகையில் இரண்டு செம்புப் பட்டைகளை ஒட்டி, அவற்றின் வழியே தண்டவாளங்களுக்கு மின்சாரம் செலுத்துவார்கள். பட்டைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் வண்டி நின்றுவிடும். மின்சாரம் ஓடச் செம்பு வேண்டும். அது வழிமாறாமல் ஓடத் தடுப்பும் வேண்டும். அந்தத் தடுப்புக்காகத் திருமணப் பட்டாடையையே கிழித்த குடும்பம் ஒன்று உண்டு. மின் மோட்டாரின் வரலாற்றில் நிலைத்த இடம் பெற்ற தாமஸ் டேவன்போர்ட்டின் குடும்பம் அது.

டேவன்போர்ட் 1802ஆம் ஆண்டு ஜூலை 9ஆம் நாள் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ஓர் எளிய உழவர் குடும்பத்தில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். பள்ளிப்படிப்பு மிகக் குறைவு. கொல்லர் தொழில் பழகி, பிராண்டன் என்னும் ஊரில் பட்டறை வைத்தார். 1827இல் எமிலியை மணந்தார்.

1833இல் நியூயார்க் மாநிலத்தின் கிரவுன் பாயின்ட் பகுதியிலிருந்த இரும்பாலை ஒன்றில் மின்காந்தத்தைக் கண்டார். அறிவியலறிஞர் ஜோசப் ஹென்றியின் முறைப்படி செய்யப்பட்ட அந்தக் காந்தம், மின்சாரம் பாய்ந்ததும் பெரும் பாரத்தைத் தூக்கியது. மின்சாரம் நின்றதும் விட்டது. இரும்பு வாங்கச் சென்றவர் காந்தத்தை வாங்கி வந்தார்!

வீட்டில் அதைப் பிரித்தார். அவர் கம்பியைச் சுற்றுச்சுற்றாக அவிழ்க்க, எமிலி அதன் அமைப்பைக் குறித்துக்கொண்டார். பிறகு சொந்தமாகக் காந்தம் செய்ய முற்பட்டபோது, கம்பியின் ஒரு சுற்று மற்றொன்றைத் தொடாதிருக்க உறை தேவைப்பட்டது. எமிலி தம் திருமணப் பட்டாடையை நாடா நாடாகக் கிழித்துக் கொடுத்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

1834இல் மின்காந்தங்களால் சக்கரம் சுழன்றது. மின்னோட்டத்தின் திசையை உரிய கணத்தில் மாற்றி, இழுப்பும் தள்ளுமாகச் சக்கரத்தை ஓயாமல் சுழலச் செய்ததே அதன் நுட்பம். அடுத்த ஆண்டு, வட்டமான சிறு பாதையில் மின்சாரத்தால் ஓடும் குட்டி வண்டியைச் செய்து காட்டினார்.

காப்புரிமை எளிதில் கிட்டவில்லை. 1836 டிசம்பரில் காப்புரிமை அலுவலகமே தீக்கிரையாயிற்று. எனினும் 1837 பிப்ரவரி 25 அன்று 132ஆம் எண் காப்புரிமை அவருக்குக் கிடைத்தது. 1840இல் தம் மோட்டாரால் அச்சு இயந்திரத்தை ஓட்டிப் பத்திரிகையும் வெளியிட்டார்.

ஆயினும் செல்வம் சேரவில்லை. அன்று மின்சாரத்துக்கு மின்கலமே முக்கிய வழி. அதில் கரையும் துத்தநாகத்தின் விலை, நீராவி இயந்திரத்தில் எரியும் நிலக்கரியின் விலையைவிட மிக அதிகம். மோட்டார் பிறந்துவிட்டது, அதற்கு மலிவாக மின்சாரம் தரும் டைனமோ இன்னும் வளரவில்லை. 1851 ஜூலை 6 அன்று, 49 வயது நிறைய மூன்றே நாள்கள் இருக்க, அவர் மறைந்தார்.

28 ஆண்டுகள் கழித்து, 1879இல், பெர்லின் கண்காட்சியில் சீமன்ஸ் நிறுவனத்தின் மின்ரயில் மக்களை ஏற்றிக்கொண்டு ஓடியது. டைனமோவில் பிறந்த மின்சாரம் பாதையின் வழியாகவே வண்டிக்குச் சென்றது.

கருவி முன்னே பிறக்க, காலம் பின்னே வந்தது. டேவன்போர்ட்டின் வாழ்வை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? மின்ரயிலில் கல்லூரிக்கு வரும் நண்பர்கள் இருக்கையில் அமர்ந்ததும் இதைச் சற்றே எண்ணிப் பார்க்கட்டும். அந்தக் கொல்லரோடு, பட்டாடையைக் கிழித்துத் தந்த எமிலியையும் நினைக்கட்டும்.