தொழிலாளி வீட்டுக் கதவைத் தட்டிய டாக்டர் அம்மா

செயற்கைப் பட்டு என்று கடைகளில் விற்ற ரயான் துணி மரக்கூழிலிருந்து வருவது. கூழைக் கரைத்து நூலாக்க கார்பன் டைசல்பைடு என்ற திரவம் வேண்டும். பொல்லாத சரக்கு அது. தீப்பொறிகூட வேண்டாம், நீராவிக் குழாயின் சூடே அதன் ஆவியைப் பற்றவைத்துவிடும். ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழும்.

தீப்பிடித்தால் ஊருக்கே தெரியும். மூச்சில் போனால் தெரியாது. முதலில் தலைவலி, தூக்கமின்மை. பிறகு காரணமில்லாத கோபம், பயம், கால் மரத்துப்போதல், கண் மங்கல். அமெரிக்காவில் ரயான் ஆலைத் தொழிலாளிகள் சிலர் புத்தி பேதலித்து மனநோய் மருத்துவமனைகளுக்கே அனுப்பப்பட்டார்கள். வேலைதான் காரணம் என்று பலருக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் பிரான்சில் ரப்பர் தொழிலாளிகளிடம் இதே நோயை டெல்பெக் என்ற டாக்டர் 1856-லேயே விவரித்திருந்தார்!

அமெரிக்காவில் இதைத் தோண்டி எடுத்தவர் டாக்டர் ஆலிஸ் ஹாமில்டன். அப்போது அவருக்கு வயது எழுபதை நெருங்கியிருந்தது.

சேரி வாழ்க்கை

1869-ல் பிறந்தவர். வசதியான குடும்பம். 1893-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1897-ல் சிகாகோவில் பிழைக்க வந்த ஏழைகள் நடுவே இருந்த ஹல் ஹவுஸ் என்ற சேவை இல்லத்தில் குடியேறினார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தார். அப்பன்மார் எந்த வேலையில் உடம்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள் என்பதும் அங்கேதான் கண்ணில் பட்டது.

1910-ல் இல்லினாய்ஸ் மாநில அரசு தொழில் நோய்களை ஆராயும் பொறுப்பைத் தந்தது. ஈயம்தான் அவர் எடுத்துக்கொண்ட விஷம். எந்த ஆலையில் ஈயம் இருக்கிறது என்ற பட்டியல்கூடக் கிடையாது.

ஆஸ்பத்திரியில் ஈய விஷம் ஏறிய போலந்துக்காரர் ஒருவரைக் கண்டார். குளியல் தொட்டிக்கு எனாமல் பூசும் வேலை. ஆலைக்குப் போய்ப் பார்த்தால் ஆபத்தாக ஒன்றும் தென்படவில்லை. வேறொருவராக இருந்தால் அத்துடன் அறிக்கை எழுதியிருப்பார். அம்மையார் அந்தத் தொழிலாளியின் வீட்டுக்கே போய்க் கேட்டார். காட்டியது கடைசி மெருகு வேலை மட்டும். நிஜமான பூச்சு வேறு இடத்தில் நடக்கிறது என்று தெரிந்தது. அங்கே போனார். செக்கச் சிவக்கக் காய்ந்த தொட்டிகள் மேல் ஈயம் கலந்த பொடியைத் தூவிக்கொண்டிருந்தார்கள். தூசி மூக்கிலும் வாயிலும்!

மறு வருடமே அம்மாநிலத்தில் தொழில் நோய்ச் சட்டம் வந்தது.

ஹார்வர்டில்

1919-ல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவரை ஆசிரியராக எடுத்தது. அங்கே முதல் பெண் ஆசிரியர் அவர்தான். ஆனால் பட்டமளிப்பு ஊர்வலத்தில் நடக்கக் கூடாது, ஆசிரியர் மன்றத்தில் நுழையக் கூடாது, கால்பந்து டிக்கெட்டும் கிடையாது! 1935-ல் ஓய்வு பெறும்வரை உதவிப் பேராசிரியர் பதவிதான். உலகப் புகழ் பெற்றவருக்குப் பதவி உயர்வு தர மனம் வரவில்லை.

ஓய்வுக்குப் பிறகுதான் ரயான் விவகாரம். மத்திய அரசின் ஆலோசகர் என்று பெயர். ஆலைக் கதவைத் திறக்கச் சொல்ல அதிகாரம் இல்லை. பென்சில்வேனியா மாநிலத் தொழிலாளர் துறையும் பல்கலைக்கழக டாக்டர்களும் கைகொடுத்தார்கள். 1938-ல் தொழிலாளிகளை நேரடியாகப் பரிசோதித்தார்கள். நரம்பும் மனமும் கெட்டிருந்தது வெளிச்சத்துக்கு வந்தது.

1970 செப்டம்பர் 22-ல், 101-வது வயதில் ஆலிஸ் ஹாமில்டன் காலமானார். ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்குள் நுழைந்து சோதிக்க வழி செய்த மத்தியச் சட்டத்தில் அமெரிக்க ஜனாதிபதி கையெழுத்திட்டது அதே வருடம் டிசம்பர் 29-ல்.