பாட்டைத் தொழிலாக்கிய பினாங்குப் பிள்ளை: பி. ரம்லி

பெருநாள் பிறை தெரிந்துவிட்டால் மலேசிய வானொலியில் ஒலிக்கத் தொடங்கும் பாடல்களில் ஒன்று ‘டெண்டாங் பெரந்தாவ்’. பிழைக்க வெளியூர் போனவன் பெருநாளன்று ஊரையும் உறவையும் எண்ணி ஏங்கும் பாட்டு அது. கடையநல்லூரிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் கப்பலேறி வந்து, கடையிலேயே படுத்து, கடையிலேயே பெருநாள் கழித்த நம் பாட்டன்மாருக்கு அந்த மலாய்ப் பாட்டின் பொருளை யாரும் விளக்க வேண்டியிருந்திருக்காது. அதைப் பாடியவர் பி. ரம்லி. அவர் மறைந்து அரை நூற்றாண்டு ஆகிவிட்டது.

நடிகர் என்றும் இயக்குநர் என்றும் அவரை எல்லாரும் அறிவர். அவர் எப்படிப் பாட்டுக் கட்டினார் என்பதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பொன்விழாக் காணும் நம் சங்கத்தின் இளைய தலைமுறைக்கு அது பயன்படும் என்று கருதியே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

1929ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள் பினாங்கில் பிறந்தவர் ரம்லி. இயற்பெயர் தெக்கு ஜக்காரியா. தகப்பனார் தெக்கு ஞாக் பூத்தே, ஆச்சேயிலிருந்து வந்த கடலோடி. தாயார் பட்டர்வொர்த் பக்கத்தைச் சேர்ந்தவர். பெயருக்கு முன்னால் நிற்கும் ‘பி’ தகப்பனாரின் பெயரான பூத்தேயைக் குறிப்பது.

வியாபாரத்துக்கு முதல் வேண்டும். பாட்டுத் தொழிலுக்கு ரம்லி போட்ட முதல், பினாங்கில் அவர் காதில் விழுந்த ஓசைகள். துறைமுகப் பட்டணமான அங்கே கெரோஞ்சோங் உண்டு, போரியா உண்டு, பங்சாவான் நாடக மேடை உண்டு. இந்திப் படப்பாட்டும் தமிழ் இசைத்தட்டும் மேல்நாட்டு நடன இசையும் ஒரே காலத்தில் கேட்கும். ஜப்பானியர் ஆட்சியில் அவர்கள் நடத்திய பள்ளிக்கூடத்திலும் அவருக்குப் பாட்டுப் பயிற்சி கிடைத்தது. காதால் கேட்டதோடு அவர் நின்றுவிடவில்லை. கமாருடின் என்ற பேண்டு வாத்தியக்காரரிடம் இசைக்குறிப்பு எழுதவும் படிக்கவும் கற்றுக்கொண்டார். உக்குலேலே, கித்தார், வயலின், பியானோ என்று ஒவ்வொன்றாகக் கைக்கு வந்தன. 1947இல் வானொலிப் பாட்டுப் போட்டியில் முதலிடம் பெற்றார்.

1948 ஜூன் முதல் நாள் புக்கிட் மெர்த்தாஜாமில் நடந்த ஒரு விழாவில், தாமே மெட்டமைத்த ‘அசிசா’ என்ற பாட்டைப் பாடினார். அதைக் கேட்ட இயக்குநர் பி. எஸ். ராஜன்ஸ் அவரைச் சிங்கப்பூருக்கு அழைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டு மாதம் 19 வயதில் ரம்லி ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோவில் கால் வைத்தார். முதல் படமான ‘சிந்தா’வில் கதாநாயகனுக்குப் பின்னணி பாடினார், வில்லனாகவும் நடித்தார். அவரைக் கதாநாயகனாக்கி, தம் பாட்டைத் தாமே பாட வைத்தவர், சென்னையில் பிறந்து பினாங்கில் வளர்ந்த எல். கிருஷ்ணன். படம் 1950இல் வந்த ‘பக்தி’.

ஜாலான் அம்பாஸ் ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ. 1947 முதல் 1967 வரை அங்கே 150க்கும் மேற்பட்ட மலாய்ப் படங்கள் உருவாயின. நடிகரும் தொழில்நுட்பக்காரரும் அங்கே மாதச் சம்பளக்காரர்கள். தொடக்க காலத்து இயக்குநர்கள் பலர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் ஆதலால், படத்துக்குப் படம் பாட்டுகள் வேண்டும். ஒரு படம் முடிந்தால் அடுத்தது காத்திருக்கும். மனம் கனியட்டும், பிறகு எழுதலாம் என்று உட்கார்ந்திருக்க அங்கே இடமில்லை. படப்பிடிப்பு நாளுக்குள் பாட்டு வந்தாக வேண்டும்.

அந்த நெருக்கடியில் ரம்லி வேலை செய்த முறை நம் கவனத்துக்குரியது. முதலில் கதையில் பாட்டு வரும் இடம் முடிவாக வேண்டும். அழுகிறவனுக்கு ஒரு தாளம், கேலி பேசுகிறவனுக்கு வேறு தாளம். அஸ்லி, ஜோகெட், இனாங், மஸ்ரி என்ற மலாய் நடைகளும், ரும்பா, சாச்சா போன்ற லத்தீன் நடைகளும் அவர் கையிருப்பில் இருந்தன. எந்த இடத்துக்கு எது பொருந்தும் என்று அறிந்து எடுத்தார். கடன் வாங்கிய தாளமாக இருந்தாலும் மெட்டு மலாய்க்காரர் வாயில் இயல்பாக உட்கார்ந்தது.

மெட்டு அவருடையது என்றால், சொற்களைப் பல வேளைகளில் எஸ். சுடர்மாஜியும் ஜமில் சுலோங்கும் தந்தனர். இருவரும் அதே ஸ்டூடியோவில் வேலை பார்த்தவர்கள். ‘கெத்தாரான் ஜீவா’ என்ற பாட்டை ரம்லியின் பாட்டு என்றே எல்லாரும் சொல்கிறோம். அதன் வரிகள் சுடர்மாஜியுடையவை. தம்மால் முடிந்ததைத் தாம் செய்து, பிறர் சிறப்பாகச் செய்யக்கூடியதைப் பிறரிடம் விடுவது லேசான காரியமில்லை. நடிப்பு, இயக்கம், இசை, குரல் ஆகிய நான்கையும் கையில் வைத்திருந்த மனிதர் அதைச் செய்தார் என்பதுதான் சிறப்பு.

1955இல் ‘பெனாரெக் பெச்சா’ வழியாக இயக்குநரானதும் பாட்டும் கதையும் இன்னும் நெருங்கின. ‘அனாக்கு சசாலி’யில் அவர் வயலின் கலைஞர், ‘அந்தாரா டுவா டார்ஜாட்’டில் பியானோ கலைஞர், 1962இல் வந்த ‘இபு மெர்த்துவாக்கு’வில் சாக்சபோன் கலைஞர். அந்தப் படத்தில் சாக்சபோனை உண்மையில் ஊதியவர் யூசோப் பி. மகள் ஓர் இசைக்கலைஞனை விரும்பியதற்காக அவளை ஒதுக்கிவைக்கும் பணக்காரத் தாயின் கதை அது. பாட்டுக்காரன் என்றால் பிழைக்கத் தெரியாதவன் என்ற சமூகத்தின் எண்ணத்தையே அவர் கதையாக்கி, அந்தக் கதைக்குள் தம் சிறந்த மெட்டுகளை வைத்தார். ‘ஹங் துவா’ படத்தின் இசைக்கு 1956இல் ஆசியத் திரைப்பட விழா விருது கிடைத்தது.

1964இல் கோலாலம்பூருக்கு வந்து மெர்டேக்கா ஸ்டூடியோவில் சேர்ந்தார். அங்கே 18 படங்கள் இயக்கினார். ஆனால் வசதிகள் குறைவு. கூட இருந்த பழைய கூட்டமும் இல்லை. அதே காலத்தில் மின்கித்தார்க் குழுக்களின் பாட்டு இளைஞரைப் பிடித்துக்கொண்டது. ரம்லி பழையவர் ஆனார். அவர் தொழிலை விடவில்லை. 1971 தேசியக் கலாசார மாநாட்டில் மலேசிய மரபிசையின் தரத்தை உயர்த்தும் வழிகள் குறித்துக் கட்டுரை படைத்தார். தம் பாட்டை வாங்க ஆள் குறைந்த நாளிலும், அந்தப் பாட்டு பிறந்த மண்ணைப் பற்றி அவர் கவலைப்பட்டார்.

1973 மே 29ஆம் நாள் மாரடைப்பால் வஃபாத்தானார். வயது 44. செல்வம் சேர்த்துவைத்துவிட்டுப் போகவில்லை. ஜாலான் அம்பாங் முஸ்லிம் மையவாடியில் அடங்கியிருக்கிறார். எல்லாச் சிறப்பும் பிறகுதான் வந்தது. கோலாலம்பூரில் ஒரு சாலைக்கு அவர் பெயர் வைத்தார்கள். செத்தாப்பாக் வீடு 1986இல் நினைவகம் ஆயிற்று. 1990இல் டான் ஸ்ரீ விருது வந்தது. வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்றுத் தந்த ஒழுங்கு. கடைச் சிப்பந்திக்கும் லாரி ஓட்டுநருக்கும் அதை நாம் பேணுகிறோம். மெட்டுக் கட்டுகிறவரும் கூலிக்கு உழைப்பவரே. ஒரு பாட்டின் பின்னால் கேட்டுக் கேட்டுச் சேர்த்த ஆண்டுகளும், கற்ற வித்தையும், கூட்டாளிகளின் உழைப்பும் இருக்கின்றன என்பதை ரம்லியின் வாழ்க்கை காட்டுகிறது.

நம் சமுதாயத்திலும் பாட்டு எழுதும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மீலாது மேடைக்கும் ஆண்டு விழாவுக்கும் அவர்களை அழைக்கிறோம். பொன்னாடையோடு பேசிய தொகையை உறையில் வைத்து அன்றைக்கே கொடுப்பதை நம் சங்கங்கள் நிரந்தர வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும் என்று இந்தப் பொன்விழா வேளையில் கேட்டுக்கொள்கிறோம். சாலைக்குப் பெயர் வைப்பது அரசாங்கத்தின் வேலை. அந்த உறை நம் கையில் இருக்கிறது.