உருக்கிலே சிப்பி கண்ட சார்பி

முத்துச்சிப்பியின் உட்புறத்தை ஒளியிற் சாய்த்துப் பாராதவர் நம் தூத்துக்குடிக் கரையில் ஒருவரும் இரார். பாரிற் குளித்து முத்தெடுக்கும் பெருந்தொழில் 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டதாயினும், அச்சிப்பியின் வானவில் நிறம் நம் நினைவை விட்டு அகலவில்லை. அந்நிறத்தை உருக்கினுள் கண்ட ஒருவரின் சரித்திரத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

ஹென்றி கிளிப்டன் சார்பி, கத்திக்குப் பேர்போன ஷெபீல்டு நகரையடுத்து 1826-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள் பிறந்தார். குடும்பத் தொழிலும் அதுவே. 1847-இல் தந்தையார் காலமாகவே, வாழ்வுக்குப் போதிய பொருள் அவர் கைக்கு வந்தது. அதைப் பெருக்க முயலாமலும், மணம் புரியாமலும், அன்னையாரோடு இல்லிலிருந்தே இயற்கையை ஆராயத் துணிந்தார்.

1849-இல் பாறைத் துண்டு ஒன்றை அங்குலத்தில் 1000-இல் ஒரு பங்கு கனமாகத் தேய்த்து, ஒளி ஊடுருவச் செய்து, பூதக்கண்ணாடியின்கீழ் வைத்தார். மலையை அறியப் பூதக்கண்ணாடியா என்று நகைத்தவர் உளர். பின்னர் பாறை நூலாரின் பொதுவழி அதுவே ஆயிற்று.

இரும்போ எத்துணை தேய்ப்பினும் ஒளி புகவிடாது. ஆதலின் 1863-இல் அவர் வேறு வழி கண்டார். உருக்கைக் கண்ணாடிபோல் மெருகிட்டு, நீர்த்த திராவகத்தால் சிறிதே அரிக்கவிட்டு, மேலிருந்து ஒளி பாய்ச்சி நோக்கினார். ஒரே பொருளாய்த் தோன்றிய உருக்கு, பல பொருள்களின் கூட்டமாய் வெளிப்பட்டது. அவற்றுள் ஒன்று சிப்பிபோல் மின்னிற்று. 1864-இல் பாத் நகரிற் கூடிய அறிஞர் சங்கத்தில் இவற்றைக் காட்டினார், பொருட்படுத்துவார் இலர். ரயில்வண்டியின் அச்சு முறிந்து உயிர்கள் மாய்ந்த காலம் அது. முறிந்த முகத்தை வெறுங்கண்ணாற் பார்த்தே காரணம் கூறி வந்தனர். பழி முழுவதையும் பிறர்மேற் சுமத்துதல் நேர்மையன்று. சார்பியும் அவ்வேலையை வைத்துவிட்டு வேறு துறைகளிற் புகுந்துவிட்டார்.

ஏறக்குறைய இருபது ஆண்டு கழித்தே மீண்டார். 650 மடங்கு பெருக்கிக் காட்டும் கருவியால் நோக்கியபோது, அம்மினுக்கின் மர்மம் புலனாயிற்று. மென்மையான இரும்பும், கரி சேர்ந்து கடினமுற்ற இரும்பும் தகடு தகடாய் மாறி மாறி அடுக்கப்பட்டிருந்தன. சிப்பியின் உட்புறமும் இவ்வாறே நுண்ணிய சுண்ணத் தகடுகளின் அடுக்கன்றோ! 1887-இல் இதனை வெளியிட்டார். முத்தை நினைவூட்டும் பியர்லைட் என்னும் பெயரை அமெரிக்கரான ஹோ என்பார் சூட்டினார்.

இதனால் விளைந்தது யாது? உலோகம் வளையும்போது அதன் அணு வரிசைகள் ஒன்றன்மேலொன்று வழுக்குகின்றன. மென்தகட்டில் எளிதாய் ஓடும் வழுக்கல், கடினத் தகட்டின் எல்லையில் முட்டி நிற்கும். தகடுகள் மெலிய மெலிய எல்லைகள் மிகும், உருக்கும் வலுக்கும். நம் துறைமுகத்தில் பளுத்தூக்கும் கம்பிக்கயிற்றின் வலிமை பெரும்பாலும் இத்தகையதே. தென்கரைக் கருமணலிற் கிடைக்கும் இல்மனைட்டிலிருந்து பெறும் டைட்டானியத்திற்கும் இக்கதை பொருந்தும். நூற்றுக்கு 6 பங்கு அலுமினியமும் 4 பங்கு வனேடியமும் கூட்டிய டைட்டானியத்தில் ஆல்பா, பீட்டா என்னும் இருவகைப் படிகங்கள் அடுக்காய் அமைவதுண்டு. ஆயின் இங்கே எல்லை எப்போதும் சுவரன்று. இருபுறத்து அணு வரிசைகளும் இணங்கிய திசையில் வழுக்கல் கடந்து செல்லும்; இணங்காத திசையில் தேங்கும். தேங்கிய இடத்தில் விரிசல் தொடங்குதலும் உண்டு. ஆகாய விமானப் பொறியின் உறுப்புக்களைச் செய்வோர் இன்றும் இதனையே அஞ்சி ஆராய்கின்றனர்.

1878 முதல் சார்பி தமக்கெனப் படகொன்று வைத்துக்கொண்டு, கோடை தோறும் இங்கிலாந்தின் கீழ்க்கரைக் கழிமுகங்களில் வாழ்ந்தார். கடற்புழுக்களையும் பாசிகளையும் நிறம் மாறாமல் கண்ணாடித் தகடுகளிற் பதித்தார். ஷெபீல்டில் புதிதாய்த் தோன்றிய பர்த் கல்லூரிக்குத் தலைவராகவும் இருந்தார். 1908-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் அந்நகரிலேயே உயிர் நீத்தார்.