ஆதர்டனில் பிறந்த புரோகரோவ்

சிட்னியின் வடபுறம் லிண்ட்ஃபீல்டில் இருக்கும் தேசிய அளவீட்டு நிறுவனம்தான் ஆஸ்திரேலியாவின் நேரத்தைக் காக்கிறது. அதற்கு ஆதாரம் சீசியம் அணு. நொடிக்கு 919 கோடிக்கும் மேற்பட்ட அலைவுகள். இட்டர்பியம் அணுவை லேசரால் தொட்டு எண்ணும் புதிய ஒளிக்கடிகாரங்களிலோ நொடிக்கு 518 லட்சம் கோடி! அளவுகோலில் கோடுகள் அவ்வளவு நெருக்கமாகிவிடுகின்றன.

அந்த லேசருக்கு அடித்தளம் போட்டதற்காக 1964இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் ஒருவர் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். பெயர் அலெக்ஸாண்டர் புரோகரோவ். இங்கேயே பலருக்கு இது தெரியாது.

தந்தை ஜார் மன்னனை எதிர்த்த புரட்சிக்காரர். சைபீரியாவுக்குக் கடத்தப்பட்டவர், மனைவியுடன் தப்பி குவீன்ஸ்லாந்துக்கு வந்து சேர்ந்தார். 1916 ஜூலை 11 அன்று ஆதர்டன் பகுதியில் அலெக்ஸாண்டர் பிறந்தார். புரட்சி வென்றபின், 1923இல் குடும்பம் ஊர் திரும்பியது. திரும்புவோம் என்று சொல்லிக்கொண்டே இருந்துவிடும் நம்மைப் போலல்லாமல், அவர்கள் உண்மையிலேயே திரும்பினார்கள்.

லெனின்கிராடில் படித்து 1939இல் பட்டம் பெற்றார். பிறகு மாஸ்கோவின் லெபதெவ் நிறுவனம். போரில் இருமுறை காயம். ஐம்பதுகளில் பாசவோடு சேர்ந்து, அம்மோனியா மூலக்கூறுகளைக் கொண்டு நுண்ணலைகளைப் பெருக்கும் மேசரை உருவாக்கினார். லேசருக்கு அண்ணன் இது. அமெரிக்காவில் டவுன்ஸ் அதைத் தனியாகச் செய்து முந்திக்கொண்டார்.

எனக்குப் பிடித்தது அவருடைய 1958ஆம் ஆண்டு யோசனை. அதுவரை நுண்ணலையை மூடிய உலோகப் பெட்டிக்குள் அடைத்து வளர்ப்பார்கள். அலை குறுகினால் பெட்டியும் குறுக வேண்டும். மில்லிமீட்டருக்கும் சிறிய பெட்டியை யார் கடைவது? பக்கச்சுவர்களை எடுத்துவிட்டு எதிரெதிரே இரண்டு தட்டுகளை வைத்தாலே போதும் என்று காட்டினார். ஏறத்தாழ அதே சமயத்தில் அமெரிக்காவில் டிக்கியும், ஷாலோவும் டவுன்ஸும் இதே முடிவுக்கு வந்தார்கள். இன்றைய ஒளிக்கடிகாரத்தில் லேசரை நடுங்காமல் பிடித்து வைத்திருப்பவையும் இரண்டு கண்ணாடிகள்தாம். அவற்றின் இடைவெளிக்குப் பொருந்தும் அலை மட்டுமே நிலைக்கும். பிறகு அணுவோடு ஒப்பிட்டு அதை மேலும் திருத்துவார்கள்.

1969 முதல் அவர் மாபெரும் சோவியத் கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் பதிப்புக்கும் தலைமை ஆசிரியர். 30 தொகுதிகள்! ஓர் இயற்பியலாளர் இதற்கு எப்படி நேரம் கண்டார் என்று வியக்கிறேன்.

வியப்போடு நிறுத்த முடியவில்லை. 1983இல் இஸ்வெஸ்தியா நாளிதழில் ஆந்த்ரே சாகரவைச் சாடி வெளிவந்த கடிதத்தில் கையெழுத்திட்ட நால்வரில் புரோகரோவும் ஒருவர். சாகரவும் லெபதெவ் நிறுவனத்தைச் சேர்ந்தவர்தான். அப்போது கார்க்கி நகருக்குக் கடத்தப்பட்டு, காவலில் இருந்தார். கடத்தப்பட்ட ஒருவருக்குப் பிறந்த பிள்ளை இப்படிக் கையெழுத்திட்டிருக்க வேண்டாம். அச்சமா, நம்பிக்கையா? எதுவானாலும் அந்தக் கையெழுத்தை மறைத்துவிட்டு இவர் வாழ்க்கையை எழுதுவது நேர்மையாகாது.

2002 ஜனவரி 8 அன்று மாஸ்கோவில் காலமானார். அங்கே அவர் நிறுவிய பொது இயற்பியல் நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.